கத்திரி வெயிலில் கைப்பேசியின் ஆயுள்

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பரவியிருக்கும் தோல் வட்டாரத்து மக்களுக்கு, உஷ்ணம் பதார்த்தங்களை என்ன பாடு படுத்தும் என்பதைப் பாடப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஒருநாளும் இருந்ததில்லை. மலைகள் சூழ்ந்து, ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணலாகவே கிடக்கும் ஆற்றை நடுவே கொண்ட இந்தப் பிரதேசத்தில், கத்திரி வெயில் நாட்களில் நிழலிலேயே உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரண நிகழ்ச்சி. அத்தகைய நாளில் பச்சைத்தோலை உப்பிடாமல் விட்டுவிட்டால், காலையில் நல்ல சரக்காக இருந்தது மாலைக்குள் மயிர் கழன்று, நாற்றமெடுத்து, விலைபோகாமல் கெட்டுவிடும் என்பதும், மார்கழிக் குளிரில் அதே தோல் இன்னும் சிறிது பொழுது பொறுத்துக்கொள்ளும் என்பதும், தலைமுறை தலைமுறையாக இங்கே தோல் மண்டிகளில் உழைத்தவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்த உண்மைகள்.

இந்த அனுபவ உண்மைக்கு ஒரு சூத்திர வடிவம் தந்தவர் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானியான ஸ்வாந்தே அரீனியஸ். ரசாயன மாற்றம் எதுவாயினும், உஷ்ணம் சீராக உயரும்போது அதன் வேகம் சீராக உயர்வதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்பதை 1889-இல் அவர் கணித முறையில் நிறுவினார். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ரசாயன சாலைகளில் வழங்கிவரும் உத்தேசக் கணக்கு. பச்சைத்தோலின் அழுகலையும் பதனிடும் பீப்பாய்க்குள் நிகழும் மாற்றத்தையும் ஆளுகின்ற இதே நியதிதான், நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் பேட்டரியையும் ஆளுகிறது. புதிதாகக் கைப்பேசி வாங்கியவர்கள், “சார்ஜ் நிற்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கும்போது, பலரும் திரையின் வெளிச்சத்தைப் பற்றியும் செயலிகளைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டு, உஷ்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுகிறார்கள். குளிர் தேசத்து வாசகருக்கு அது போதுமானதாக இருக்கலாம். வேலூர்க்காரருக்கு உஷ்ணம்தான் முதல் விஷயம், மற்றவை அதற்கு அடுத்தபடி.

ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, பேட்டரிக்குள் நடப்பது என்ன என்று சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்றைய கைப்பேசிகள் அனைத்திலும் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். உலோகங்களிலெல்லாம் மிக இலேசானதாகிய லித்தியத்தின் அணுக்கள், மின்னேற்றம் பெற்ற அயனிகளாக, இரண்டு பதார்த்தங்களுக்கிடையே போய்வருவதே அதன் தொழில். ஒரு புறத்தில் லித்தியமும் கோபால்ட்டும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஆக்ஸைடு. மறுபுறத்தில் பென்சில் முனையில் இருப்பது போன்ற கிராபைட். இரண்டுமே அடுக்கடுக்கான அமைப்புடையவை. அந்த அடுக்குகளின் இடைவெளிகளில் லித்தியம் அயனிகள் புகுந்து தங்கவும், வேண்டும்போது வெளியேறவும் முடியும். சார்ஜ் ஏற்றும்போது அயனிகள் ஆக்ஸைடிலிருந்து கிராபைட்டுக்குச் செல்கின்றன. கைப்பேசியை நாம் உபயோகிக்கும்போது திரும்பி வருகின்றன. அடுக்குகளுக்கிடையே லித்தியத்தைப் புகுத்தும் யோசனையை 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் மின்கலமாக்கிக் காட்டினார். கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு அதன் மின்னழுத்தத்தை உயர்த்தும் வழியை 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கண்டனர். எரியும் அபாயமுடைய லித்தியம் உலோகத்தை நீக்கி, கரிமப் பொருளை அதன் இடத்தில் வைத்து, 1985-இல் ஜப்பானியரான அகிரா யோஷினோ நடைமுறைக்கு ஏற்ற வடிவம் தந்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97.

அயனிகள் இப்படிப் போய்வருவதற்கு நடுவே ஒரு திரவம் தேவை. லித்தியம் உப்பொன்றைக் கரைத்த கரிமக் கரைப்பான் அது. மின்னேற்றம் பெற்ற கிராபைட்டின் அருகில் இத்திரவம் நிலைத்திருக்க முடியாது. தொட்ட மாத்திரத்தில் சிதைந்து, கிராபைட்டின் மேல் ஒரு படலமாகப் படிகிறது. தொழிற்சாலையில் முதன்முதல் சார்ஜ் ஏற்றும்போதே உண்டாகிவிடும் இந்தப் படலம், உடம்பின்மேல் தோலைப் போல, உள்ளிருப்பதைக் காத்து, வேண்டியதை மட்டும் அனுமதிக்கிறது: அயனிகள் அதன் வழியே செல்லும், திரவம் செல்லாது. அது இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை. ஆனால் அதன் வளர்ச்சி முற்றிலுமாக நின்றுவிடுவதில்லை. திரவம் மெள்ள மெள்ளச் சிதைந்துகொண்டே இருக்கிறது. படலம் தடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை தடிக்கும்போதும் போய்வர வேண்டிய லித்தியத்தில் சிறிது அதற்குள் சிக்கி, மீளாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஈராண்டு உபயோகித்த கைப்பேசியைப் பற்றி, “முன்போல் சார்ஜ் நிற்கவில்லை” என்று நாம் வருந்திச் சொல்லும்போது, உண்மையில் குறைந்திருப்பது பெரும்பாலும் இவ்வாறு சிறைப்பட்டுப்போன லித்தியமே.

இந்தச் சிதைவைத் துரிதப்படுத்துபவை இரண்டு. ஒன்று, அரீனியஸ் சொன்ன உஷ்ணம். மற்றது, பேட்டரி நிறைந்திருக்கும் நிலை. முழு சார்ஜில் ஒரு கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையோ, இக்காலக் கலங்களில் அதற்கும் மேலானதையோ எட்டுகிறது. அந்த உயர்ந்த அழுத்தத்தில் கிராபைட்டின் பக்கமும் ஆக்ஸைடின் பக்கமும் திரவத்தைத் தாக்கும் வேகம் அதிகரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதற்குப் பேட்டரி நூல்களில் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரி உஷ்ணத்தில், 40 சதவிகித சார்ஜோடு ஓராண்டு வைத்திருந்த கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 சதவிகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்திருந்தால் 80 சதவிகிதம்தான் மிஞ்சும். உஷ்ணம் 40 டிகிரியானால், 40 சதவிகித சார்ஜில் 85-உம், முழு சார்ஜில் 65-உம் மட்டுமே எஞ்சும். யாரும் தொடாமல், ஒரு தடவைகூடப் பேசாமல், சும்மா இருந்த பேட்டரியின் நிலை இது. வேலூரில் ஆண்டு முழுவதும் 40 டிகிரி இருப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் கைப்பேசி தானே உண்டாக்கும் சூடும் சட்டைப்பையின் சூடும் சேரும்போது, வெளியே 35 டிகிரி உள்ள நாளிலும் பேட்டரி 40 டிகிரியில் இருப்பது எளிது.

ஆகவே புதிய கைப்பேசி வாங்கியவர் முதல் நாளிலேயே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. அண்மைக்கால மாடல்கள் பலவற்றில், சார்ஜ் 80 சதவிகிதத்தை எட்டியதும் நிறுத்திக்கொள்ளும் வசதி பேட்டரி அமைப்புகளில் இருக்கிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் போய்வருகிற, கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜர் உள்ள ஒருவர், அந்த வசதியை இயக்கிவிட்டு, நெடுந்தூரப் பிரயாணம் வரும் நாளில் மட்டும் நூறு சதவிகிதம் ஏற்றிக்கொள்வது உத்தமம். அடியோடு தீர்ந்துபோகும்வரை விடுவதும் நல்லதன்று. புதுப் போனை எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் போட்ட பிறகே திறக்க வேண்டும், மாதம் ஒருமுறை முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் சொல்லுவதுண்டு. நிக்கல் காட்மியம் பேட்டரிகள் வழங்கிய காலத்தில் அவ்வுபதேசங்களுக்கு நியாயம் இருந்தது. லித்தியம் கலத்தின் சுபாவம் வேறு. அது பாதியில் ஏற்றப்படுவதையும் பாதியில் நிறுத்தப்படுவதையுமே விரும்புகிறது.

சார்ஜ் ஏற்றும் நேரமே பேட்டரி அதிகமாகச் சூடேறும் நேரங்களில் ஒன்று. மின்னோட்டம் தடையின் வழியே செல்லும்போது பிறக்கும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் நொடிக்கு நொடி நான்கு மடங்கு சூடு உண்டாகும். நேரம் பாதியாகக் குறைந்தாலும், மொத்தச் சூடு இருமடங்காகவே நிற்கும். அதிவேக சார்ஜர் அவசரத்துக்கு உதவும் அருமையான சாதனமே; மே மாதத்து நடுப்பகலில், காற்றில்லாத அறையில், நாள்தோறும் அதையே பிரயோகிப்பது பேட்டரிக்கு நன்மை செய்யாது. வெயிற்காலத்தில் பகல் முழுதும் சூட்டை வாங்கிய கான்கிரீட் கூரை, இரவின் முற்பகுதியில் அதை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலையே நாளில் மிகக் குளிர்ந்த பொழுது. எழுந்தவுடன் சாதாரண சார்ஜரில் போட்டு, குளித்துக் கிளம்புமுன் எடுத்துக்கொள்ளும் பழக்கம், இந்த வட்டாரத்துப் பருவநிலைக்கு மிகவும் இசைந்தது.

இங்கே நம் ஊர்ச் சரக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசிகள் உருவாகின்றன; அதே சாலையில் மேற்கே வந்தால், அவற்றின் உறைகளுக்கு உதவக்கூடிய உயர்தரத் தோலைப் பதனிடும் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருக்கின்றன. பச்சைத்தோல் சுமார் 60 முதல் 65 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிப்போகும். குரோமிய உப்பால் பதனிட்ட பின் அதே தோல் கொதிநீரையும் தாங்கும். நார்களுக்கிடையே குரோமியம் கட்டும் ரசாயனப் பிணைப்புகள் தரும் உறுதி அது. ஆனால் தான் சூட்டைத் தாங்குவது வேறு, சூட்டை வெளியே கடத்துவது வேறு. நார்களின் இடைவெளிகளில் காற்றைச் சிறைவைத்திருக்கும் தோல், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே உஷ்ணத்தைக் கடத்துகிறது. காலணியாகும்போது குளிர் நாட்டுக்காரருடைய காலுக்கு இதமளிக்கும் இந்தக் குணமே, சார்ஜ் ஏறும் கைப்பேசியின் சூட்டை வெளியே விடாமல் உள்ளே நிறுத்திவிடுகிறது. தோலுறை கைப்பேசிக்கு அழகும் பாதுகாப்பும் தருகிறது. அதைப் பெருமையோடு அணியலாம். சார்ஜ் போடும் வேளையிலும், வெகுநேரம் வீடியோ பார்க்கும் வேளையிலும் மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

வெயிலில் நேராக வைப்பது இன்னும் கொடியது. நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழ் உஷ்ணம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். பைக்கின் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டி, வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்து, அத்துடன் சார்ஜும் போட்டு ஓட்டும்போது, திரையின் சூடும் சூரியனின் சூடும் மின்னேற்றத்தின் சூடும் ஒருங்கே சேருகின்றன. உணவும் பொருள்களும் கொண்டுசெல்லும் தொழிலாளருக்கு இது தவிர்க்க முடியாத வேலை. அவர்கள் இயன்றவரை வரைபடத்தின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு கைப்பேசியை நிழலான பையில் வைப்பதும், ஓடும்போது சார்ஜ் போடாமல் நிழலில் நிற்கும்போது போடுவதும் பயன் தரும். சூடேறிய கைப்பேசி தானாகவே திரையை மங்கச் செய்வதையும் சார்ஜை நிறுத்துவதையும் பழுதென்று எண்ணிவிடலாகாது. அது தன்னைக் காத்துக்கொள்கிறது. அப்போது குளிர்பெட்டிக்குள் வைத்தால், காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படியும். மின்விசிறிக் காற்றில் வைத்தாலே போதும்.

நிற்க. இதுவரை சொன்னது பேட்டரியின் ஆயுளைப் பற்றி. ஒருநாள் பொழுதுக்கு அது தாங்குவது எவ்வாறு என்பதையும் கவனிக்க வேண்டும். 5000 மில்லியாம்பியர் மணி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்டரியின் சக்தி, சுமார் 19 வாட் மணி. பழைய மாதிரி 75 வாட் மின்விசிறியை அது கால்மணி நேரம் சுழற்றும், அவ்வளவே. இவ்வளவு சிறிய சேமிப்பிலிருந்து ஒருநாள் முழுவதும் பேச்சும் படமும் செய்தியும் பெறுகிறோம் என்பது மின்னணுவியலின் பெரிய சாதனை.

இந்தச் சேமிப்பில் பெரும்பங்கைச் செலவிடுவது திரை. வெயிலில் நின்று பார்க்கும்போது அது தன் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. நிழலுக்கு ஒதுங்குவது கண்ணுக்கும் பேட்டரிக்கும் ஒருங்கே நன்மை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி திரைகளில் கருமைப் பின்னணி சிக்கனம் தரும் என்பது உண்மையாயினும், எவ்வளவு என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழு வெளிச்சத்தில் கருமைக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவிகிதம் வரை மின்சக்தி மிஞ்சுகிறது. வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவிகித வெளிச்சத்தில் மிஞ்சுவது 3 முதல் 9 சதவிகிதமே.

திரைக்கு அடுத்தது ரேடியோ அலை. கோபுரம் அருகிலிருந்தால் கைப்பேசி மிக மெல்லிய குரலில் அதனோடு பேசுகிறது. தொலைவிலிருந்தால் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை அலையாக வெளியிடுகிறது. அதைப் பெருக்கும் உறுப்போ அதனினும் சில மடங்கு சக்தியைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சுகிறது. ஜவ்வாது மலைக் கிராமங்களிலும், ஏலகிரியின் சரிவுகளிலும் சும்மா வைத்திருந்த போனின் சார்ஜ் விறுவிறென்று இறங்குவதற்கு இதுவே காரணம். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் விரையும்போதும் கைப்பேசி கோபுரம் விட்டுக் கோபுரம் தாவிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் அறவே கிடைக்காத இடத்தில் விமானப் பயண நிலையில் வைத்துவிடுவதும், வீட்டில் வைஃபை இருந்தால் அதையே உபயோகிப்பதும் எளிய உபாயங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து, முன்பதிவுச் சீட்டும் பணப் பரிமாற்றமும் ஊர்ச் செய்தியும் எல்லாம் அந்த ஒரு கருவியிலேயே அடங்கியிருக்க, நாள் முழுதும் காத்திருக்கும் நோயாளியின் உறவினருக்கு, சார்ஜ் மாலைவரை நிற்பது சௌகரியம் என்பதற்கும் மேலான ஒரு தேவை. அவர்கள் சக்திச் சேமிப்பு நிலையைக் காலையிலேயே இயக்கிவிடலாம். மாலையில் பத்து சதவிகிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செயலிகளை ஓயாமல் விரலால் தள்ளித் தள்ளி மூடுவதால் பயன் இல்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதற்கொண்டு, அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை அமைப்பே நிறுத்திவைக்கிறது. மூடிய செயலியை மறுபடி திறக்கும்போது அதிகச் சக்தி செலவாகிறது. செய்யத்தக்கது, எந்தச் செயலி எவ்வளவு உண்கிறது என்பதைப் பேட்டரிப் பட்டியலில் பார்த்து, இருப்பிடத்தை எந்நேரமும் கேட்கும் செயலிக்கு அந்த அனுமதியைக் குறைப்பதே. புதிய போன் முதல் சில நாட்களில் பழைய படங்களை இறக்கியும், அவற்றை வகைப்படுத்தியும், செயலிகளைப் புதுப்பித்தும் மிகுதியாக உழைக்கிறது. அந்த நாட்களைக் கொண்டு அதன் தாங்குதிறனை எடைபோட்டு மனம் தளர வேண்டாம்.

பேட்டரியை உஷ்ணத்திலிருந்து காப்பது சிக்கனத்துக்காக மட்டும் அன்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் மாண்டனர். கைப்பேசியில் இருப்பது அதைக் காட்டிலும் மிகச் சிறிய பேட்டரிதான்; ஆயினும் உள்ளே இருக்கும் எரியும் திரவத்தின் இயல்பு ஒன்றே. தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் போடுவதும், தரமறியாத சார்ஜரை உபயோகிப்பதும் கூடாது. பின்மூடி உப்பிய போனை அழுத்தவோ குத்தவோ கூடாது. திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது என்பதற்கு அந்த உப்பலே சாட்சி. உடனே அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பேட்டரியை மாற்ற வேண்டும்.

மாற்றுதல் என்ற அந்த வழியையும் நாம் மறந்துவிடுகிறோம். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைப்பேசிகள், 800 முறை முழுமையாக ஏற்றி இறக்கிய பின்னும் 80 சதவிகிதக் கொள்ளளவைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு முறை என்று கொண்டால் இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலம் அது. மேலே சொன்ன முறைகளால் அதனினும் நீட்டலாம். அதன் பிறகும் கைப்பேசி நன்றாகவே இருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டு வைத்துக்கொள்ளலாம். தோலின் ரசாயனத்தை ஆராய அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய அதே 1948-இல்தான், வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்நிலையத்தில் இன்று லித்தியம் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெறுகிறது. விஞ்ஞானிகள் உஷ்ணம் தாங்கும் கலங்களைத் தேடிக்கொண்டிருக்கையில், இருக்கிற கலங்களை வீணாக்காமல் காப்பது நம்முடைய கடமை.

இதை மற்ற ஊர்க்காரர்களைவிட இந்த வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்வது எளிது. ரசாயனத்தைக் கையாண்டவர்கள் அதன் கழிவைக் கவனியாது விட்டதால் பாலாறும் கிணறுகளும் கெட்ட கதையை இவர்கள் வாழ்ந்தே கண்டிருக்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் பாரத தேசத்துச் சட்டத்தின் பகுதியாக்கியது. கோபால்ட்டும் லித்தியமும் நச்சுத் திரவமும் அடங்கிய பேட்டரி ஒன்றைக் குப்பையில் எறிவதும், ஈராண்டிலேயே அதைச் சாகடித்து மற்றொன்றுக்காகப் பூமியைத் தோண்டச் செய்வதும், அந்தக் கோட்பாடுகளுக்கு ஒவ்வாத செயல்கள். ஆயுள் முடிந்த பேட்டரியைத் தயாரிப்பாளர் பொறுப்பேற்றுத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன. ஆகவே அதை மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைப்போம். ஆயுள் முடியாததை, கத்திரி வெயில் கழியும்வரை நிழலில் வைத்து, எண்பதோடு நிறுத்தி, உறையைக் கழற்றி சார்ஜ் போட்டு, ஐந்தாண்டுக்கு நீட்டிப்போம். ஒரு பைசாவும் செலவில்லாத இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் இன்றே கைக்கொள்ளலாம்.